தலைவிதியும் தாயின் தசையும்

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்று கூறுவது நம் நாட்டு வழக்கு. கூறுவோர் கொடியவரல்லர், தாமும் பெற்று, தம் மகளும் பெறக் கண்டு, கலங்கிய கண்ணோடு கூறும் மூதாட்டியரே அவர்கள். அவ்வுரையில் பட்டறிவு உண்டு, பரிவும் உண்டு. ஆனால் அதனைத் தொடர்ந்து பெருமூச்சோடு வேறோர் உரையும் வெளிவருமே, "எல்லாம் அவளவள் தலையெழுத்து" என்று, அங்கேதான் நாம் நின்று கேட்க வேண்டியவர்களாகிறோம். எழுதியவன் எவன்? எந்த எழுத்தாணியால் எழுதினான்? எழுதியதை அழிக்க முயன்றவர் எவருமே இலரா?

முயன்றவர் உண்டு. அம்முயற்சியின் வரலாறு ஈராயிரம் ஆண்டுக்கும் மேற்பட்டது. தலைச்சன் பிள்ளையைப் பெறும் இளந்தாய் ஏன் கிழிபடுகிறாள்? பேறு முடிந்து திங்கள் பல கடந்த பின்னும், இருமினால், தும்மினால், ஒரு குடம் நீரைத் தூக்கினால், ஏன் அவளுக்குச் சிறுநீர் கசிகிறது? அதை ஏன் அவள் கணவனிடமும் கூறாமல், பெற்ற தாயிடமும் கூறாமல், ஆயுள் முழுதும் மறைத்து வாழ்கிறாள்? இவ்வினாக்களுக்குச் சட்டம் செய்தோர் விடை கூறியுள்ளனர். தத்துவம் பேசியோர் விடை கூறியுள்ளனர். அறுவை மருத்துவர் கத்தியையே விடையாகக் காட்டியுள்ளனர். அவள் உடலுக்குள்ளேயே ஒரு விடை இருந்தது. அதை அவளிடம் எடுத்துச் சொல்லத்தான் நெடுங்காலம் ஆள் இல்லை.

கிரேக்க நாட்டு ஸ்பார்ட்டாவிலிருந்து தொடங்குவோம். அந்நாட்டுக்குச் சட்டம் வகுத்தவன் லைகர்கஸ் என்பர். அவன் மெய்யாக வாழ்ந்தவனோ, கதைமாந்தனோ, அதுபற்றி வரலாற்றாசிரியரிடையே வழக்கு உண்டு. அவன் பெயரால் நடந்த முறையில் வழக்கில்லை. கன்னியர் ஓட வேண்டும், மற்போர் பழக வேண்டும், வட்டும் வேலும் எறிய வேண்டும் என்பது அங்கே விதி. வலிய உடலில் கரு வலிவாக வேர்கொள்ளும். பெறுங்காலத்து வேதனையைத் தாயும் தளராது எதிர்கொள்வாள் என்பதே அதன் நோக்கம் எனப் புளூட்டார்க் எழுதினார். சிறுமியரை மணமுடித்தலும் அங்கே இல்லை. உடல் நிரம்பிய பருவத்திலேயே மணம்.

கேட்பதற்கு இனிக்கிறதல்லவா! ஆனால் அதே ஸ்பார்ட்டாவைப் பற்றி எழுதிய செனபன் மற்றொன்றையும் கூறுகிறார். ஏனைய கிரேக்க நகரங்களில் பெண்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து கம்பளி நூற்றனர். ஸ்பார்ட்டாவிலோ, ஆடை நெய்ய அடிமைப் பெண்களே போதும், குடிமகளிர் பிள்ளை பெறுதற்கெனப் பயில்க என்று லைகர்கஸ் கருதினானாம். ஆகவே ஓடுகளத்தில் ஒருத்தி ஓடினாள். அவளுக்காக வேறொருத்தி தறியில் ஒடுங்கினாள். அந்த வேறொருத்தி எவ்வாறு பெற்றாள் என்று எழுதி வைக்கப் புளூட்டார்க்கும் இல்லை, செனபனும் இல்லை. ஓடியவளுக்கேனும் அவள் உடல் அவளுடையதா என்றால், அதுவும் இல்லை. வீரரை விளைவிக்கும் நிலமாகவே அரசு அவளைப் பேணிற்று.

அரிஸ்டாட்டில் இன்னும் நுட்பமாக நோக்கியவர். மிக இளமையில் மணந்த பெண்கள் பேற்றில் மிகுதியும் துன்புறுகின்றனர், மிகுதியும் மடிகின்றனர் எனத் தம் அரசியல் நூலில் எழுதினார். பெண்ணுக்கு மணவயது ஏறத்தாழ 18 என்றார். இதை அவர் எழுதியது கி.மு. நான்காம் நூற்றாண்டில்! நம் இந்தியத் துணைக்கண்டத்தில் பெண்ணின் மணவயது 18 எனச் சட்டம் வந்தது 1978இல். இடைப்பட்ட காலத்தைக் கணக்கிடும் வேலையை வாசகர்க்கே விடுகிறோம்.

கருவுற்ற பெண்கள் சோம்பியிராமல் உடலை இயக்க வேண்டும் என்பதும் அவர் கருத்து. அதற்கு அவர் கூறிய வழி சுவையானது. பிறப்புக்குரிய தெய்வங்களை வணங்க நாள்தோறும் நடந்து சென்று வருமாறு சட்டமியற்றுவோன் கட்டளையிடலாம் என்றார். நடைக்குத் தெய்வம் ஒரு சாக்கு! நம் ஊரில் தெய்வத்துக்கு நடை ஒரு வழிபாடு. அவருக்கோ நடைதான் குறிக்கோள், தெய்வம் அதற்கு ஊன்றுகோல்.

உழைக்கும் பெண்கள் எளிதாகப் பெறுவதும், உட்கார்ந்தே வாழும் பெண்கள் அரிதாகப் பெறுவதும் ஏன் என்றும் அவர் ஆராய்ந்தார். உழைப்பு உடலின் கழிவைச் செலவழிக்கிறது, மூச்சை அடக்கவும் பழக்குகிறது, பேற்றின் எளிமையும் கடுமையும் மூச்சடக்கத்தைப் பொறுத்தவை என்று காரணம் கூறினார். காரணத்தில் பாதி பிழை. ஆயினும் வினா சரியான வினா.

இவ்வினாவுக்கு யூதரின் பழம்நூலிலும் ஒரு விடை உண்டு. எபிரேயப் பெண்கள் பெறும் ஆண்மகவைக் கொல்லுமாறு எகிப்து மன்னன் மருத்துவச்சியர் இருவருக்கு ஆணையிட்டான். அவர்கள் கொல்லவில்லை. ஏன் என்று மன்னன் சினந்தபோது, எபிரேயப் பெண்கள் எகிப்தியரைப்போல் அல்லர், வலியர், நாங்கள் போய்ச் சேருமுன்பே பெற்றுவிடுகின்றனர் என்றனராம். பேறுகாலப் பயிற்சியின் வரலாற்றை எழுதுவோர் இன்றும் இதனை முதற் சான்றாகக் காட்டுவதுண்டு. நாம் அதனை வேறாகப் படிக்கிறோம். குழந்தைகளைக் காப்பதற்காக இரு பெண்கள் கொலைகாரனிடம் கூறிய துணிச்சலான பொய் அது! அந்தப் பொய்யை உடற்கூற்று உண்மையாக்கிவிட்டால் விளைவு என்ன? அடிமையாய் உழைப்பவள் எளிதில் பெறுவாள், அவளுக்கு மருத்துவச்சியும் வேண்டா, ஓய்வும் வேண்டா என்றாகிவிடும்.

"நாற்று நட்டவள் வரப்பிலேயே பெற்றாள், பெற்ற கையோடு மீண்டும் இறங்கி நட்டாள்" என்று நம் பக்கத்திலும் பெருமையாகப் பேசுவர். பேசுவோர் பெரும்பாலும் வரப்பில் நிற்போர். சேற்றில் நின்றோர் அல்லர். உழைப்பே சுகப்பிரசவத்துக்கு உறுதி என்றால், உலகில் மிகக் கடுமையாக உழைக்க வைக்கப்பட்ட பெண்களன்றோ மிக எளிதாகப் பெற்றிருக்க வேண்டும்? அமெரிக்க நாட்டு அலபாமா மாநிலத்துக்குப் போய்ப் பார்ப்போம்.

அங்கே மாண்ட்காமரி நகரில், 1845ஆம் ஆண்டு, அனார்க்கா என்னும் அடிமைப் பெண்ணுக்குப் பேற்றுவலி கண்டது. வயது ஏறத்தாழ 17. மூன்று நாள் துடித்தாள். மரியன் சிம்ஸ் என்னும் மருத்துவர் வந்து ஆயுதம் போட்டுக் குழந்தையை வெளியே எடுத்தார். மூன்று நாள் முழுதும் குழந்தையின் தலை அவள் இடுப்பெலும்போடு வைத்து நசுக்கிய தசை இரத்த ஓட்டமின்றிச் செத்தது. சில நாளில் உதிர்ந்தது. சிறுநீர்ப்பையிலும் மலக்குடலிலும் துளை விழுந்தது. அன்றுமுதல் சிறுநீரும் மலமும் அவள் விருப்பத்துக்குக் கட்டுப்படாமல் ஒழுகின. அவளைப் போலவே துளை விழுந்த பெட்சி, லூசி என்னும் இளம்பெண்கள் இருவரும், மேலும் சில அடிமைப் பெண்களும் சிம்ஸின் கொல்லைப்புறத்துச் சிறு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். தோட்டத்தில் உழைத்த உடல்கள் அவை. சோம்பியிருக்க உரிமையே பெறாத உடல்கள்! உழைப்பு அவர்களைக் காத்ததா?

அனார்க்காவுக்கு மட்டும் ஏறத்தாழ 30 அறுவைகள். மயக்க மருந்து இல்லை. ஈதர் மயக்கம் 1846இலேயே பாஸ்டன் நகரில் செய்து காட்டப்பட்டும், இப்பெண்களுக்கு அது கொடுக்கப்படவில்லை. இசைந்தனரா என்று கேட்பாரும் இலர். அடிமையின் இசைவை ஆண்டையன்றோ தருவான்! 1849இல், வெள்ளிக் கம்பியால் தைத்தபோது, துளை மூடிற்று. சிம்ஸ் புகழின் உச்சிக்கு ஏறினார். நியூயார்க்கில் அவருக்குச் சிலை நின்றது; 2018 ஏப்ரலில் அது சென்ட்ரல் பூங்காவிலிருந்து அகற்றப்பட்டது. மாண்ட்காமரியில் 2021இல் அனார்க்காவுக்கும் லூசிக்கும் பெட்சிக்கும் சிலைகள் எழுந்தன.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் தெளிவு ஒன்று. உழைப்பு வேறு, பயிற்சி வேறு. உழைப்பில் நேரம் பிறருடையது, பளு பிறருடையது, நிறுத்தும் உரிமை பிறருடையது. பயிற்சியில் இம்மூன்றும் அவளுடையவை. உழைப்பவள் உண்ணாமலும் உழைப்பாள், உறங்காமலும் உழைப்பாள். எலும்பு முற்றாத பருவத்தில் கருவுற்றால் அதே இடுப்போடுதான் பெறவும் வேண்டும். இந்த வேற்றுமையைக் காணாதவர்கள்தாம் இன்றும், "குனிந்து நிமிர்ந்து வேலை செய், தானே சுகப்பிரசவம் ஆகும்" என்று மருமகளிடம் துடைப்பத்தை நீட்டுகின்றனர். மாமியார் குனிந்ததும் மருமகள் குனிவதும் வீட்டைச் சுத்தமாக்கும். பேற்றுவழியின் தசையை அதுவே பயிற்றிவிடும் என்று நம்ப இடமில்லை. நேபாள மலைநாட்டில், பெற்ற சில நாளிலேயே பளு சுமக்க நேர்வதும் கருப்பை கீழிறங்குவதற்குக் காரணங்களுள் ஒன்றெனக் கண்டனர். அப்பெண்களின் துயர் அந்நாட்டு உச்சநீதிமன்றம் வரை சென்று, 2008இல் அரசுக்கு ஆணை பிறந்தது.

அப்படியானால் அசையாமல் இருப்பதே நலமோ என்று கேட்பார் உண்டு. செல்வர் வீட்டு வழக்கம் அதுதானே! "வாயும் வயிறுமாக இருப்பவள், மாடிப்படி ஏறாதே, வாசற்படி தாண்டாதே" என்று அடைத்து வைப்பர். அடைத்து வைத்ததன் பயனைக் காண ஊர்கள் இரண்டைக் காட்டுவோம்: ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ, காஷ்மீரத்தின் ஸ்ரீநகர்.

கிளாஸ்கோவில் ஆலைப்புகை வானை மூடியிருந்தது. ஒளி நுழையாத சந்துகளில் தொழிலாளர் குழந்தைகள் வளர்ந்தனர். ரிக்கெட்ஸ் என்னும் எலும்பு நோய் அவர்களைப் பற்றிற்று. கால் வளைந்தது, இடுப்பெலும்பு சப்பையாயிற்று. அச்சிறுமியர் வளர்ந்து தாயானபோது, குழந்தையின் தலை வெளிவர வழியே இல்லை. 1888இல் மர்டாக் கேமரன் என்னும் மருத்துவர் அத்தகைய குறுகிய இடுப்புடைய பெண்ணொருத்திக்கு வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்து, தாயையும் காத்தார். சிசேரியன் அறுவையின் வரலாற்றில் அது ஒரு மைல்கல். ஆனால் அந்த இடுப்பைக் குறுக்கியது எது? தலையெழுத்தா? வாடகைக்கு விட்ட இருட்டறையா?

ஸ்ரீநகரில் இருட்டறைக்கு வேறு பெயர். அதற்குக் கௌரவம் என்று பெயர். கேத்லீன் வான் என்னும் பெண் மருத்துவர் அங்கே மகளிர் மருத்துவமனையில் பணியாற்றினார். எலும்பு மென்மையுற்று, இடுப்பு உருக்குலைந்து, பெற முடியாமல் மாளும் பெண்களைக் கண்டார். அவர்களுள் மிகப் பலர் வசதி படைத்த வீட்டுப் பெண்கள், கோஷாவில் வாழ்ந்தவர்கள். ஏரியில் படகிலேயே வாழ்ந்து, துடுப்பு வலித்து, வெயிலில் நின்று உழைத்த படகுக்காரப் பெண்களிடத்தும் உழவர் குடிப் பெண்களிடத்தும் அக்கேடு அரிதாயிருந்தது. ஒரே ஊர், ஒரே குளிர், ஒரே அரிசிச் சோறு. வேற்றுமை வெயிலில்! கதிரொளி தோலில் பட்டால் வைட்டமின் டி உண்டாகிறது, அது இன்றேல் எலும்பில் சுண்ணம் சேராது என்ற உண்மை 1920களில் விளங்கத் தொடங்கியிருந்த காலம் அது. 1928இல் அவர் கோஷா முறை தாய்மைக்கு இழைக்கும் தீங்கைப்பற்றி நூலே எழுதினார். பின்னாளில் பேற்றுக்கு முந்தைய பயிற்சிகளைப்பற்றி மற்றொரு நூலும் எழுதினார்.

ஏழையை இருளில் அடைத்தது இலாபம். செல்வச் சீமாட்டியை இருளில் அடைத்தது சாத்திரம். எலும்புக்கு இரண்டும் ஒன்றே.

எலும்பு செவ்வையாக அமைந்தவளுக்கும் காயம் நேர்வதுண்டே, அது எதனால்? இங்கே உடற்கூற்றைச் சிறிது விளக்க வேண்டும், வெட்கப்பட ஏதுமில்லை. இடுப்பெலும்பு ஒரு கிண்ணம் என்று கொண்டால் அது அடியில்லாக் கிண்ணம். அடியாக இருந்து தாங்குவது தசை. முன்னெலும்பிலிருந்து பின்னே வால் எலும்பு வரை தொட்டில்போல் அது தொங்குகிறது. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது அத்தொட்டிலே. பேற்றின்போது குழந்தையின் தலை அதன் நடுவே புகுந்து வருகிறது. அப்போது அத்தசை தன் இயல்பு நீளத்தைப்போல் பன்மடங்கு நீள வேண்டும். இதற்கு முன் ஒருமுறையும் அவ்வாறு நீளாத தசை தலைச்சன் பேற்றுக்காரியின் தசை. ஆகவேதான் கிழிசல் அவளுக்கு மிகுதி. தோலளவில் நிற்பது முதற்படி. தசையில் இறங்குவது இரண்டாம் படி. மலவாயை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தைக் கிழிப்பது மூன்றாம் படி. குடலின் உட்சுவர்வரை செல்வது நான்காம் படி. முதலிரண்டும் பலருக்கு நேர்ந்து ஆறிவிடும். பின்னிரண்டும் சிலர்க்கே நேரும். நேர்ந்தால் வாழ்வைக் கெடுக்கும்.

கிழியும் என்றால் கிழியுமுன் நாமே வெட்டிவிடுவோம் என்றனர் அறுவை மருத்துவர். 1742இல் டப்ளின் நகர ஃபீல்டிங் ஊல்டு அவ்வாறு வெட்டுவதை எழுதியபோது, வேறு வழியே இல்லாத அருமையான நேர்வுக்கு என்றுதான் எழுதினார். 1920இல் சிகாகோ நகர ஜோசப் டெலீ அதனைப் பொது விதியாக்கக் கேட்டார். இவர் ஏழைத் தாய்மாருக்காக மருத்துவ நிலையம் கண்ட நல்லவர். ஆயினும் பேறு என்பதே ஒரு நோய் என்று நம்பியவர். தலைச்சன் பெறுபவளை மருந்தால் மயக்குக, வாயிலை வெட்டுக, ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுக்க, பின்பு தைக்க என்பது அவர் வகுத்த முறை. மருத்துவ உலகம் இம்முறையைப் பெரிதும் தழுவிற்று. 1979இல் அமெரிக்காவில் இயல்பான வழிப் பேறுகளில் 60 விழுக்காட்டுக்கு மேல் வெட்டப்பட்டன. வெட்டினால் பெருங்கிழிசல் தடுக்கப்படும் என்பது ஆய்வால் மெய்ப்பிக்கப்பட்டதா? இல்லை. பெரியோர் கூறினர், பின்னோர் பின்பற்றினர். நாம் வைதிகரைப் பார்த்து நகைக்கிறோமே, கேள்வி கேளாத மரபு வெள்ளை அங்கி அணிந்தும் வரும் என்பதை மறத்தல் கூடாது!

கேள்வி கேட்டவர் பலர். அவருள் முன்னோடி இங்கிலாந்தில் ஜெனிபர் ஸ்லீப் என்னும் மருத்துவச்சி. 1984இல் 1,000 தாய்மாரிடம் ஆய்ந்து, வெட்டைக் குறைத்தாலும் தீங்கு மிகவில்லை எனக் காட்டினார். 1993இல் அர்ஜென்டீனாவில் 8 மருத்துவமனைகளில் 2,606 பெண்களை இரு பிரிவாக்கி ஆய்ந்தனர். ஒரு பிரிவில் பெரும்பாலோர்க்கும் வெட்டு. மறு பிரிவில் தேவைப்பட்டோர்க்கு மட்டும், அதாவது 30 விழுக்காட்டினர்க்கு மட்டும். கடுங்கிழிசல் முதற் பிரிவில் 1.5 விழுக்காடு, மறு பிரிவில் 1.2. இத்தனை இலட்சம் பெண்கள் இத்தனை ஆண்டு தைக்கப்பட்டதற்குக் கிடைத்த இலாபம் அவ்வளவே! 2006இல் அமெரிக்க மகப்பேற்று மருத்துவர் கழகமும், எல்லோர்க்கும் வெட்டுதல் ஆகாது என்று அறிவித்தது.

கத்தி ஓங்கியிருந்த அக்காலத்திலேயே மறுபக்கம் ஒரு மெல்லிய குரல் எழுந்தது. இலண்டனில் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் மின்னி ராண்டல் என்னும் பயிற்சியாளரும், ஆடற்கலையிலிருந்து உடற்பயிற்சி மருத்துவத்துக்கு வந்த மார்கரெட் மாரிஸ் என்னும் மங்கையும், கருவுற்ற தாய்மாருக்கான பயிற்சிகளை வகுத்தனர். 1936இல் அவை நூலாயின. ஆடலறிந்தவளுக்குத் தசையின் மொழி தெரியும். எத்தசையையும் இறுக்கத் தெரிய வேண்டும், தளர்த்தவும் தெரிய வேண்டும் என்பதே ஆடற்கலையின் அரிச்சுவடி. பேற்றுவழியின் தசைக்கும் பாடம் அதுவே. பின்பு 1948இல் லாஸ் ஏஞ்சலஸ் நகர ஆர்னால்டு கேகல், சிறுநீர் கசியும் பெண்கள் பலர்க்கு அறுவை இன்றியே, அத்தொட்டில் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியால் குணம் கண்டதை வெளியிட்டார். தசை எவ்வளவு இறுகுகிறது எனப் பெண்ணே கண்டறிய ஒரு சிறு கருவியையும் செய்தார். இன்று உலகமெங்கும் பயிற்சிக்கு அவர் பெயரே வழங்குகிறது. ஆடலழகியின் பெயர் அவ்வளவாக வழங்கவில்லை என்பதையும் குறித்து வைப்போம்.

ஆயினும் ஐயம் ஒன்று நெடுநாள் நீடித்தது. தசையை வலுப்படுத்தினால் வழி இறுகிப்போய்ப் பேறு கடினமாகிவிடாதா என்பதே அது. பொதுவான உடற்பயிற்சியிலும் அச்சமே ஆண்டது. 1985இல் மேற்சொன்ன அமெரிக்கக் கழகம், கருவுற்றவளின் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 140ஐத் தாண்டலாகாது, கடும் பயிற்சி 15 நிமிடத்தை மீறலாகாது என வரம்பு கட்டிற்று. வலுவான சான்று இன்மையால் 1994இல் அதுவே அவ்வரம்பை நீக்கிற்று. 2020இல் உலக நலவாழ்வு நிறுவனம், தடையேதும் இல்லாத கருவுற்ற பெண்கள் வாரத்துக்கு 150 நிமிடமேனும் மிதமான உடலியக்கம் கொள்க என்றது. மிதமான இயக்கம் என்றால் என்ன? பேசிக்கொண்டே நடக்க முடியும், பாடிக்கொண்டு நடக்க முடியாது என்னும் அளவு விரைந்த நடை. அரிஸ்டாட்டிலின் நடை, தெய்வம் நீங்கி, கடிகாரம் சேர்ந்து மீண்டும் வந்தது!

தசைபற்றிய ஐயத்தை நார்வே நாட்டு டிரான்ட்ஹைம் நகரில் தீர்த்தனர். 301 பெண்கள், அனைவரும் தலைச்சன் கருவுற்றோர். ஒரு பிரிவினர் 20ஆம் வாரம் முதல் 36ஆம் வாரத்துக்குள் 12 வாரம், வாரம் ஒருமுறை பயிற்சியாளரிடம் கூடிப் பயின்றனர். வீட்டில் நாளுக்கு இருமுறை தாமே செய்தனர். மற்றவர்க்கு வழக்கமான கவனிப்பு. 2003இல் வெளிவந்த முடிவு இது: பேற்றுக்குப்பின் மூன்றாம் திங்களில் சிறுநீர் கசிவு பயின்றவரிடம் 20 விழுக்காடு, பயிலாதவரிடம் 32. வழி இறுகிற்றா? மறுதலையாயிற்று. முக்கி வெளியேற்றும் கட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டவர் பயின்றோரில் 24 விழுக்காடு, பயிலாதோரில் 38 என அடுத்த ஆண்டு வெளியிட்டனர். வலிவுடைய தசை இறுகவும் அறியும், நெகிழவும் அறியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

மிகைப்படுத்தல் நமக்கு உடன்பாடன்று. பயிற்சி செய்தவள் கிழியவே மாட்டாள் என்று கூறுவோமானால், சோதிடனுக்கும் நமக்கும் வேறுபாடு இராது. கிழிசலைக் குறைப்பதற்கு வேறு துணைகளும் உண்டு. 34, 35ஆம் வாரம் முதல் வாயிலின் கீழ்ப்புறத்தைத் தூய விரலால் எண்ணெய் தடவி மெல்ல நீவி நெகிழ்த்தல் அவற்றுள் ஒன்று. ஏறத்தாழ 2,500 பெண்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, முதல்முறை பெறுவோரில் தையல் தேவைப்படும் காயம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. வாரம் ஓரிருமுறை செய்தாலே போதுமாயிருந்தது. தலை வெளிவரும் தறுவாயில் வெந்நீரில் நனைத்த துணியை அவ்விடத்தில் ஒற்றிப் பிடித்தால் மூன்றாம், நான்காம் படிக் கிழிசல்கள் குறைகின்றன என்பதும் ஆய்வில் கண்டதே. வெந்நீரும் துணியும்! இவற்றுக்கு எந்த நாட்டிலிருந்து இறக்குமதி உரிமம் வேண்டும்?

தமிழகத்துக்கு வருவோம். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணின் மணவயது 16க்கு மேல் இருக்க வேண்டும் எனத் தீர்மானித்தது. அவ்வாண்டே வந்த சாரதா சட்டம் 14 என்றதோடு நின்றது. அதற்கே வைதிகர் வானுக்கும் மண்ணுக்கும் குதித்தனர். மணவயதைப் பற்றிய அப்போர், பேற்றில் கிழிபடும் சிறுமியின் இடுப்பைப் பற்றிய போரும் ஆகும். ஓய்வுக்கான போரும் உடன் நடந்தது. 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேற்று உதவி மசோதாவை அம்பேத்கர் ஆதரித்துப் பேசினார்; 1929இல் அது சட்டமாயிற்று. 1961இல் நடுவணரசின் சட்டம் 12 வார விடுப்பு அளித்தது. 2017இல் அது 26 வாரமாயிற்று. ஆனால் நாற்று நடுபவளுக்கும் சித்தாள் வேலைக்குச் செல்பவளுக்கும் விடுப்புத் தர முதலாளி யார்? அவர்களுக்குத் தமிழக அரசு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் தரும் உதவித்தொகையே ஊன்றுகோல். அத்தொகை கைக்கு வந்து, கணவன் கையில் சிக்காமல், உணவாகவும் ஓய்வாகவும் மாறும் வீட்டில்தான் பயிற்சி என்னும் பேச்சுக்கே இடமுண்டு.

அங்கன்வாடிகளின் வாயிலாக அரசே சமுதாய வளைகாப்பு நடத்துகிறது. சாதி வேற்றுமையின்றி ஒரே வரிசையில் கருவுற்ற பெண்கள் அமர்கின்றனர். வளையல், சந்தனம், ஐவகைச் சோறு. நல்ல காட்சி! அவ்வரிசையில் தலைச்சன் தாய்மார் இருப்பர். ஏழாம் திங்கள் என்பது நார்வேப் பெண்கள் பயின்ற காலத்துக்குள்ளேயே வருகிறது. வளையலிட்ட கையைப் பிடித்துக்கொண்டே செவிலி ஒருத்தி கால்மணி நேரம் பேசினால் போதும். பள்ளியில் நாம் கையின் இருதலைத் தசையைப் படம் வரைந்து கற்பிக்கிறோம். ஆணும் பெண்ணும் மனப்பாடம் செய்கின்றனர். தம்மை ஈன்ற தொட்டில் தசையின் பெயரை அறியாமலே பட்டமும் பெற்றுவிடுகின்றனர்.

அச்செவிலி கூற வேண்டுவது நீண்டதன்று. சிறுநீரை நடுவே அடக்குவதுபோலவும், வாயு வெளிவராது தடுப்பதுபோலவும் உள்ளே மேல்நோக்கி இறுக்குக, வயிற்றையும் தொடையையும் இறுக்கலாகாது, மூச்சை அடக்கலாகாது. ஆறு முதல் எட்டு வினாடி பிடித்து, பின்பு முற்றும் தளர விடுக. தளர்த்தலும் இறுக்கலைப்போலவே முதன்மையானது. இவ்வாறு எட்டு முதல் பன்னிரண்டு முறை, நாளுக்கு இருவேளை. உட்கார்ந்தும் செய்யலாம், படுத்தும் செய்யலாம், பேருந்துக்கு நின்றுகொண்டும் செய்யலாம். அருகில் நிற்பவர் அறியார். சிறுநீர் கழிக்கும்போதே நிறுத்தி நிறுத்திப் பழகுதல் மட்டும் கூடாது. நடைக்கு மாலை வெயில் நன்று. இரத்தப்போக்கு உள்ளவர், நஞ்சுக்கொடி கீழே அமைந்தவர், இரத்த அழுத்தம் மிக்கவர், குறைமாதப் பேற்றின் அச்சம் உள்ளவர் ஆகியோர் மருத்துவரைக் கேட்ட பின்பே நடையையும் பயிற்சியையும் தொடங்க வேண்டும்; நடக்கையில் தலைசுற்றலோ, நெஞ்சுவலியோ, நீர்க்கசிவோ கண்டால் அப்போதே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.